நாற்பது பெயருக்கு ஊரையே கூட்டுவானேன்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கல்யாணம், அரங்கேற்றம், தைப்பூசம் என்று படமெடுக்கும் ஒரு ஸ்டூடியோ. அவர்களுடைய இணையத்தளம் இப்போது என் தலையில். ஆல்பம் பக்கத்தைத் திறந்தால் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கம் காட்ட வேண்டியது ஃபோல்டர்களின் பெயரை மட்டும்தான். பத்துமலை 2019, பத்துமலை 2020 என்று முப்பது நாற்பது பெயர். இதற்கா இந்தப் பாடு?

தளத்தின் கோடை (code) திறந்தால் வயிறு எரிகிறது. எழுதிய மகராசன், உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியலிடும் ஸ்கேன்டிர் (scandir) என்ற பிஎச்பி (PHP) மொழிக் கட்டளையைப் போட்டிருக்கிறார். ஃபோல்டர்களுக்குப் பக்கத்திலேயே உதிரியாகக் கொட்டிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான படங்களையும் அது வாரி எடுத்து, அகர வரிசையில் அடுக்கி, ஒரே அர்ரேயில், அதாவது ஒரே பட்டியலில், திணிக்கிறது. வரிசை வேண்டாம் என்று சொல்லும் வசதி பிஎச்பி 5.4 காலத்திலிருந்தே இருக்கிறது. யார் கேட்டார்கள்? அப்புறம் ஒவ்வொன்றிடமும் போய் இஸ்-டிர் (is_dir) என்ற கேள்வி: நீ ஃபோல்டரா, நீ ஃபோல்டரா? பெயரே .jpg என்று முடிகிறது ஐயா, அதையும் கேட்கிறார்! டிஸ்க் வேறு நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, ஒவ்வொரு கேள்வியும் போய்த் திரும்ப வேண்டும். பிஎச்பி ஞாபகம் வைத்துக்கொள்வதோ கடைசியாகப் பார்த்த ஃபைலை மட்டும். இந்தக் கூத்து மெனுவுக்கு ஒருமுறை, பக்கத்துக்கு இன்னொருமுறை.

குளோப் (glob) என்ற கட்டளையைப் போட்டால் தீரும் என்று ஒரு நண்பர் வந்தார். ஃபோல்டர் மட்டும் கொடு என்றாலும் உள்ளே அதுவும் எல்லாவற்றையும் தடவித்தான் பார்க்கிறது. ரீட்டிர் (readdir) என்ற இன்னொரு கட்டளை ஒவ்வொன்றாகப் படிக்கும், மெமரி மிச்சம், சரி. ஆனால் பெயர்கள் தீர்ந்ததும் அது false என்று சொல்லும்; பழைய கோடு ஒன்றில் வந்தது false-தானா என்று கறாராக ஒப்பிடாமல் எழுதி வைத்திருந்தார்கள். மேலே வரட்டும் என்று கடைப் பையன் ஒரு ஃபோல்டருக்கு 0 என்று பெயர் வைத்தான். அந்த 0-வையும் false என்று எடுத்துக்கொண்டு லூப் அதோடு நின்றது, பாதி ஆல்பம் மாயம்.

உதிரிப் படங்களைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளுங்கள். பெயர்ப் பட்டியலை ஒரு ஃபைலில் எழுதி வையுங்கள், புது ஆல்பம் ஏறும்போது மட்டும் மாற்றுங்கள். ஒரு மதிய வேலை. ஹோஸ்டிங்காரர்களோ பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள், மாதாமாதம் கூடுதல் ரிங்கிட். முதலாளி அதற்குத் தலையாட்டுகிறார். கோடை மாற்றுகிறேன் என்றால் மட்டும், "தம்பி, ஓடிக்கிட்டு இருக்கிறதுல கை வைக்காத லா" என்கிறார்.

எங்கே அண்ணே ஓடுகிறது?