கார்டு டூப்ளிகேட் இல்லை, ஃபார்மேட்தான் காரணம்

"32 ஜிபி கார்டில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும் 5 ஜிபி படம் ஏறவில்லை என்றால் கார்டு டூப்ளிகேட், தூக்கிப் போடுங்கள்" என்று, பஸ்ஸில் டேப்லெட்டில் பார்க்க மெமரி கார்டில் சினிமாப் படம் ஏற்ற முயன்றவருக்கு மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 32 ஜிபி வரையிலான மெமரி கார்டுகள் பொதுவாக ஃபேட்32 (FAT32) என்ற ஃபார்மேட்டில்தான், அதாவது ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறையில்தான் வரும், அதில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் மட்டுமே ஒதுக்கியிருப்பதால், எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் 4 ஜிபியைத் தொடும் தனி ஃபைல் உள்ளே போகாது. விண்டோஸும் ஃபைல் பெரிது என்றுதான் சொல்லும், கார்டைக் குறை சொல்லாது.

கார்டில் இருப்பதை வேறெங்காவது காப்பி எடுத்துவிட்டு (ஃபார்மேட் செய்தால் எல்லாம் போய்விடும், அப்புறம் புலம்பக் கூடாது) இந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட் (exFAT) ஃபார்மேட்டுக்கு மாற்றினால் அதே படம் ஏறும். சில பழைய டேப்லெட்டுகள் எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. சரி, அப்போது கார்டை ஃபேட்32-லேயே விட்டுவிட்டு, ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் படத்தை 720பி தரத்துக்குக் குறைத்து, 4 ஜிபிக்குள் கொண்டுவந்து போடுங்கள், குலுங்குகிற பஸ்ஸில் 10 அங்குலத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது.

டூப்ளிகேட் கார்டுகளும் சந்தையில் உண்டுதான். ஆனால் அவை செய்வது இதற்கு நேர்மாறு: படம் முழுதாக ஏறிவிட்ட மாதிரியே காட்டும், ஓட்டிப் பார்த்தால்தான் பாதியில் நின்றுபோகும்.