15டபிள்யூ-40 ‘தண்ணி ஆயில்’ இல்லை

பழைய மஹிந்திரா எம்.எம்.540 டீசல் ஜீப்புக்கு 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில்தான் ஊற்ற வேண்டும், 15டபிள்யூ-40 சூட்டில் தண்ணியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். அது தவறு.

டபிள்யூ என்பது வின்டர், அதாவது குளிர்காலம். அதற்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதற்கு மட்டும். சூட்டில் உள்ள கனத்தைச் சொல்வது பின்னால் உள்ள 40. ஆயிலின் கனத்தை வகைப்படுத்தும் எஸ்.ஏ.இ. அளவுப்படி 100 டிகிரி செல்சியஸில் இரண்டுமே 12.5-க்கும் 16.3 சென்டிஸ்டோக்ஸுக்கும் (கனத்தின் அலகு) இடையில்தான் இருந்தாக வேண்டும். வித்தியாசம் தெரிவது காலையில் ஸ்டார்ட் செய்யும்போது. கொடைக்கானல் குளிரில் 15டபிள்யூ ஆயில் சீக்கிரம் என்ஜினின் மேல்பகுதிக்கு ஏறும், டேப்பெட் (வால்வுகளைத் தள்ளும் பாகம்) சத்தம் முதலிலேயே அடங்கும். என் ஜீப்பில் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

ஆயில் குறைகிறது என்றால் என்ஜினின் பின்பக்க கிராங்க் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) பாருங்கள். கிளட்ச் ஹவுசிங் அடியில் சொட்டு நிற்கும். (ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் கறுப்பாக வருகிறதே என்று பயப்பட வேண்டாம், டீசலில் அது சகஜம்.)

அப்புறம், டப்பாவில் ஆயிலின் தரத்தைச் சொல்லும் ஏ.பி.ஐ. எழுத்தையும் பாருங்கள். டீசலுக்கு சி.எச்-4, சி.ஐ-4 மாதிரி ‘சி’ வரிசை வேண்டும். ‘எஸ்’ வரிசை மட்டும் போட்டிருந்தால் அது பெட்ரோல் வண்டிக்கு.