ஆறாவது சேர்க்கும் முன் எந்த டெஸ்ட் எடுப்பது?

அரையாண்டுத் தேர்வு நெருங்கினால் போதும், ஐந்தாவது படிக்கும் ஆட்டிசப் பிள்ளைகளின் அம்மாக்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும். "ஸ்கூல்ல ரிப்போர்ட் கேக்குறாங்கக்கா, எந்த டெஸ்ட் எடுக்கலாம்?" போன வாரம் குடியாத்தத்திலிருந்து ஒருவர் கேட்டார். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் சைக்காலஜிஸ்ட் இல்லை. ஏழாவது படிக்கும் ஆட்டிசப் பையனின் அம்மா, அவ்வளவுதான்.

டெஸ்டின் பெயரைப் பிறகு பார்க்கலாம். அந்த ரிப்போர்ட்டை யார் கையில் கொடுக்கப் போகிறோம், படித்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் முதலில் தெளிய வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு என்றால் ஆட்டிசத்தை அளக்கும் 'ஐசா' என்கிற அளவுகோல். செகந்திராபாத்தில் உள்ள, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் நம் நாட்டுக்கென்றே உருவாக்கியது. அதில் 40 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அதை வைத்துத்தான் பாதிப்பின் சதவீதம் போடுவார்கள். யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும், பின்னால் பத்தாவது பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்பதற்கும் சான்றிதழ் வேண்டும். அவசியம் எடுத்து வையுங்கள். ஆனால் ஆறாம் வகுப்புக் கணக்கு டீச்சர் அதைப் படித்துப் பிள்ளைக்குப் பின்னம் எப்படிச் சொல்லித் தருவது என்று தெரிந்துகொள்ள முடியாது. ஆட்டிசம் எவ்வளவு என்று சொல்லும் தாள் அது. பிள்ளை எப்படிக் கற்கிறான் என்று சொல்லும் தாள் வேறு.

அந்த வேறு தாளுக்காகப் போனால் பெரும்பாலும் நம் கையில் வந்து சேர்வது ஒரு ஐக்யூ எண். எனக்கு எரிச்சலே இங்கேதான். மாலின் அளவுகோல் என்கிற ஐக்யூ டெஸ்ட் எடுத்தபோது என் பையன் கட்டைகளை அடுக்கி வடிவம் செய்யும் பகுதியில் வயதுக்கு மேலே போனான். ஒரு சூழ்நிலையைச் சொல்லி 'நீ என்ன செய்வாய்' என்று கேட்ட பகுதியில் வாயே திறக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கினார்கள். வேலூர் வெயிலையும் ஏலகிரிக் குளிரையும் கூட்டிச் சராசரி பார்த்தால் குடை எடுப்பதா, ஸ்வெட்டர் எடுப்பதா? ஆட்டிசப் பிள்ளைகளுக்கு இந்த ஏற்றத்தாழ்வு சாதாரணம். ஆகவே, பகுதி பகுதியாக மதிப்பெண்ணையும் அதன் விளக்கத்தையும் எழுதித் தருவீர்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

எந்த டெஸ்ட் என்பதும் முக்கியம்தான். பினே-காமத் என்கிற இன்னொரு ஐக்யூ டெஸ்ட் பெரும்பாலும் பேச்சை நம்பி ஓடுவது. பேச்சு குறைவான பிள்ளைக்கு அதை மட்டும் எடுத்தால் அறிவை அளக்கவில்லை, பேச்சைத்தான் அளக்கிறோம். படங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் ரேவன்ஸ் கூடவே இருக்கட்டும். 2007இல் ஆட்டிச ஆய்வாளர் மிஷெல் டாசன் குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆட்டிசப் பிள்ளைகள் வெக்ஸ்லர் என்கிற வழக்கமான ஐக்யூ டெஸ்டைவிட ரேவன்ஸில் சராசரியாக 30 பர்சன்டைல் புள்ளிகள் (நூறு பேரை வரிசைப்படுத்தினால் எத்தனை பேருக்கு மேலே என்ற கணக்கு) மேலே இருந்தார்கள். டாசனும் ஆட்டிசம் உள்ளவர்தான் என்பதை இங்கே சொல்ல எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

அப்புறம் மொழி. நம் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் உருது. எந்த மொழியில் டெஸ்ட் நடந்தது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்க வேண்டும். பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழி தெரிந்தவர் எடுப்பது உத்தமம். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஐக்யூவைவிட நான் பெரிதாக நினைப்பது அன்றாடத் திறன். அதை அளக்க வைன்லேண்ட் என்று ஒரு அளவுகோல், பெற்றோரிடம் கேட்டே எடுப்பார்கள். ஆறாவதில் பாடத்துக்கு ஒரு டீச்சர், மணி அடித்தால் புத்தகம் மாற்ற வேண்டும், பெரிய மைதானம், கூட்டமான கழிப்பறை. டப்பாவைத் தானே திறப்பானா, தலை வலித்தால் சொல்வானா, காட்பாடியில் டவுன் பஸ் ஏறினால் பாகாயத்தில் இறங்கத் தெரியுமா? பெரிய பள்ளியில் முதல் மாதம் தாக்குப்பிடிப்பது இதில்தான் இருக்கிறது.

ஊரில் ஒரு பள்ளி, ஐக்யூ 70க்கு மேல் இருந்தால் பார்க்கலாம் என்று எங்களிடம் சொன்னது. சேர்க்கைக்கு எந்த வடிகட்டலும் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. எட்டாவது வரை அதன் எல்லை. நம் ஊரில் சிறுபான்மைப் பள்ளிகள் அதிகம், அவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறதே! அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளி பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும் என்று அதன் 16ஆம் பிரிவு சொல்கிறது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. இது தெரிந்து பேசினால் எதிரில் இருப்பவர் குரல் மாறுகிறது, அதைப் பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளிக்குக் கொடுத்தது ரிப்போர்ட்டின் பரிந்துரைப் பக்கங்களை மட்டும். 'வாய்மொழிக் கட்டளையைப் பலகையிலும் எழுதுங்கள், முன்வரிசை ஓரத்தில் உட்கார வையுங்கள், பிரேயர் மைக் சத்தத்திலிருந்து தள்ளி நிற்கட்டும்' என்று அதில் இருந்தது. எண்கள் உள்ள பக்கம் என் பீரோவில். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் ஒரு நகல் கொடுங்கள்.

மே மாதம் வரை தள்ளாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் பஸ்ஸில் கசங்கி வந்த பிள்ளையிடம் என்ன டெஸ்ட் எடுத்தாலும் களைப்புதான் பதிவாகும். காலை நேரம் கேளுங்கள், இரண்டு அமர்வாகப் பிரிக்கச் சொல்லுங்கள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அழைத்துப் போங்கள். வகுப்பு டீச்சரிடம் வாங்கிய ஒரு பக்கக் கடிதமும், கணக்கு நோட்டும் தமிழ் நோட்டும் கையோடு இருக்கட்டும். முடிந்ததும் விளக்கம் சொல்லும் நாளில் வீட்டுக்காரரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து அத்தனையையும் நீங்கள் ஒரு தடவை அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும்.