சுவரைச் சுரண்டித் தின்ற பிள்ளை

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். திண்ணைச் சுவரில், தங்கச்சி மகனின் கை எட்டும் உயரத்தில், ஒரு பள்ளம். ரெண்டு வயசுப் பையன் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டித் தின்றிருக்கிறான். "வயித்துல பூச்சி இருக்கும்க்கா" என்றாள் தங்கச்சி. அதற்காக முதுகில் அடியும் வாங்கியிருக்கிறான்.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.4. இந்த வயசுக்குக் குறைந்தது 11 வேண்டும். மண்ணையும் சுண்ணாம்பையும் பிள்ளைகள் தேடுவதற்கு ரத்த சோகையும் ஒரு காரணம். நாமோ கையில் அடிக்கிறோம்.

டாக்டர் முதலில் கேட்டது, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை பால்?" ஆறு தடவை என்று பெருமையாகத்தான் சொன்னாள். சோறு இறங்காவிட்டாலும் பால் குடிக்கிறானே என்கிற நிம்மதி அவளுக்கு. பிறக்கும்போது கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறு மாதம் வரைதான் தாங்கும். அதற்குமேல் சாப்பாட்டில்தான் வரவேண்டும். பசும்பாலில் இரும்பு இல்லை என்றே சொல்லலாம். அது வயிற்றை அடைத்துக்கொள்வதோடு, பருப்பிலும் கீரையிலும் இருக்கிற இரும்பையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது.

எனக்குக் கோபம் வந்தது ஃப்ரிட்ஜ் மேல் இருந்த பாட்டிலைப் பார்த்துத்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிற இரும்புச்சத்து டானிக். வாரம் ரெண்டு முறை, 1 மில்லி. ரெண்டே தடவை கொடுத்திருக்கிறாள். மலம் கறுப்பாகப் போகவும் பயந்து நிறுத்திவிட்டாள். "கறுப்பாத்தான் போகும், பயப்படாதே" என்று பாட்டிலைக் கையில் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். திட்டம் எங்கே ஓட்டை விடுகிறது என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன். தாய்மார்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுவது சுலபம்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. முந்தைய கணக்கெடுப்பில் அது 58.6. நம் தமிழ்நாடும் 50.7-லிருந்து 57.4-க்கு ஏறியிருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் கணக்கு கூடக்குறையக் காட்டும் என்பார்கள். சரி, நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்த 2016-18 ஆய்விலும் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் 41 சதவீதம் பேருக்கு இருந்தது. அது மட்டும் சின்ன எண்ணா?

நடுவில் பீட்ரூட் கோஷ்டி வேறு. சிவப்பாக இருந்தால் ரத்தம் ஊறிவிடுமாம்! அதைவிட நம் பாட்டிமார் ஆக்கிக்கொடுத்த சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) ஈரலும் எவ்வளவோ மேல். சைவ வீடென்றால் பருப்பு, கீரையோடு கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும், இரும்பு உடம்பில் ஒட்டும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த டானிக் மூன்று மாதமாக ஓடுகிறது. பால் ரெண்டு டம்ளராகக் குறைந்திருக்கிறது. போன வாரம் பார்த்ததில் 10.2. சுவர்ப் பக்கம் போவதில்லையாம். தாத்தா மட்டும் இன்னமும் தன் டீயில் பிஸ்கட்டை முக்கி அவனுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறார். டீயும் இரும்புக்கு ஆகாது. அதை அவரிடம் போய் யார் சொல்வது?