பெரியம்மைக்கு வந்தது மகளுக்கு வராது

எங்கள் பெரியம்மையின் (பெரியம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மகளுக்கு ஒரு சம்பந்தம் கிட்டத்தட்ட முடிந்த நிலையில் போன மாதம் நின்றுபோனது. பெண்ணைப் பிடித்திருந்தது, ஜாதகம் பொருந்தியிருந்தது, எத்தனை பவுன் என்பது வரை பேசியாகிவிட்டது. அப்புறம் யாரோ போய், "அம்மைக்கு ரத்தத்துல புற்று, ரத்தத்துல உள்ளது பிள்ளைக்கு வராம போகுமா" என்று சொல்லியிருக்கிறார்கள். தரகர் போனில் இரண்டு வார்த்தை சொன்னதோடு சரி. அந்த வீட்டார் மேல் முதலில் கோபம் வந்தது. ஆனால் எங்கள் சொந்தத்திலேயே பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், பெரியம்மை தண்ணீர் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்த வீடும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெரியம்மை அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்த்தவர். ஐந்து வருடம் முன்னால் இடப்பக்க வயிறு கனக்கிறது, ரெண்டு வாய் தின்றதும் நிறைந்துவிடுகிறது என்றார். வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தார். ரத்தம் பார்த்தபோது 11,000க்குள் இருக்க வேண்டிய வெள்ளையணு 1,75,000. வயிற்றில் கனத்தது வீங்கிப்போன மண்ணீரல். மார்த்தாண்டத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரம் போனோம். சி.எம்.எல். என்ற வகை ரத்தப் புற்று என்றார்கள். 'பிலடெல்பியா குரோமோசோம்' (குரோமோசோம் என்பது அணுவுக்குள் மரபுக் குறிப்புகளைச் சுமக்கும் இழை) என்று டாக்டர் சொன்ன அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடிப் படித்ததில்தான் ஜேனட் ரௌலி என்ற அம்மாவைத் தெரிந்துகொண்டேன்.

1960இல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரண்டு பேர் இந்த நோயாளிகளின் ரத்த அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். மீதித் துண்டு எங்கே போயிற்று என்பது 13 வருடம் யாருக்கும் தெரியவில்லை. ரௌலி சிகாகோவில் நான்கு பையன்களை வளர்த்துக்கொண்டு, வாரத்தில் சில நாள் மட்டும் ஆராய்ச்சிக்குப் போய்வந்த டாக்டர். குரோமோசோம்களில் வரி வரியாகத் தெரியும்படி சாயம் ஏற்றும் முறையை ஆக்ஸ்போர்டில் கற்றுவந்திருந்தார். எடுத்த படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் கத்தரித்து ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடிச் சம்பளம் வாங்குகிறாள் என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். அப்படி வரிகளை ஒத்துப் பார்க்கும்போதுதான், 22ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9ஆம் குரோமோசோமின் நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. 1973இல் அதை வெளியிட்டார்.

இந்த இடமாற்றம் நடப்பது எலும்பு மஜ்ஜையில் உள்ள ஏதோ ஒரு அணுவில், அதுவும் ஆள் பிறந்த பிறகு. அந்த ஒரு அணு பெருகிப் பெருகித்தான் லட்சக்கணக்கில் நிற்கிறது. பிள்ளை உண்டாகிற கருமுட்டையில் அது கிடையாது. பெரியம்மைக்கு அவருடைய அம்மையிடமிருந்து வரவில்லை, மகளுக்கும் போகாது, ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது.

மருந்து வந்ததும் அந்த வழியாகத்தான். 9உம் 22உம் ஒட்டிய இடத்தில் ஒரு கெட்ட புரதம் உண்டாகி, 'பெருகு, பெருகு' என்று அணுவை விரட்டிக்கொண்டே இருக்கிறது. அதை அடக்குவது இமாட்டினிப் என்ற மாத்திரை. பிரையன் ட்ரக்கர் என்ற அமெரிக்க டாக்டர் 1998இல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார், 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2013 வாக்கில் நம் நாட்டில் நோவார்டிஸ் என்ற சுவிஸ் கம்பெனியின் மருந்து மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயாக இருந்தது, இங்கே தயாரானது 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. அந்த மருந்துக்குக் காப்புரிமை (அந்தக் கம்பெனி மட்டுமே தயாரிக்கலாம் என்ற உரிமை) கிடையாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாமல் இருந்திருந்தால் எங்களைப் போன்ற வீடுகள் என்ன ஆகியிருக்கும்? யோசிக்கவே பயமாக இருக்கிறது.

எல்லா ரத்தப் புற்றும் இப்படி மாத்திரையில் அடங்காது, சிலது ரொம்பக் கொடியது. ஆனால் பிளட் கேன்சர் என்றதும் "அப்ப முடிஞ்சுது" என்கிறவர்கள், எந்த வகை என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன? 15, 17ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறுவதால் வரும் ஏ.பி.எல். என்ற வகை (அதையும் 1977இல் ரௌலிதான் கண்டார்) ரத்தக்கசிவில் சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். அதற்கு வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் ஆர்செனிக் மட்டுமே கொடுத்து நிறைய பேரைக் குணப்படுத்தி, 2006இல் கட்டுரையும் எழுதினார்கள். பாஷாணம்தான், அளந்து கொடுத்த பாஷாணம்.

பெரியம்மை ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குகிறார். காலையில் கண் இமை வீங்கியிருக்கும். சில ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், "மக்ளே, காலப் பிடிச்சு விடு" என்பார். ஒரு நாள்கூட விட்டதில்லை.

சம்பந்தம் முறிந்த அன்று தங்கச்சி, "அண்ணா, நானும் டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்டாள். பழைய காலண்டர் தாளில் 9, 22 என்று எழுதி வெட்டி, துண்டை மாற்றி ஒட்டிக் காட்டினேன். இரண்டையும் அவள்தான் பத்திரமாக வைத்திருக்கிறாள். இனி பெண் கேட்டு வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டாம், நேரே அவளிடமே கேளுங்கள்.