குத்தெதிர்க் கோணத்துல குத்து எங்கீங்க இருக்குது?

அக்கா புள்ள கணக்கு நோட்ட தூக்கிட்டு வந்து, "மாமா, ரெண்டு கோடும் சாஞ்சு தான கெடக்குது, அப்பறம் எதுக்கு குத்தெதிர்க் கோணம்ங்கறாங்க, எது குத்தா நிக்குது?"ன்னு கேட்டா. சரியான கேள்விங்க. ரெண்டு கோடு ஒண்ண ஒண்ணு வெட்டறப்ப எதிரெதிரா வர்ற கோணத்துக்குத்தான் அந்தப் பேரு, ஆனா அந்தப் படத்துல எதுவுமே குத்தா நிக்கறதில்ல.

இங்கிலீஷ்ல இத வெர்டிகலி ஆப்போசிட்ங்கறாங்க. வெர்டிகல்ன்னா செங்குத்துன்னு நாம எடுத்துக்கறோம், ஆனா அந்த வார்த்தையோட வேர் லத்தீன்ல வெர்டெக்ஸ், சுழல்றத சொல்ற வார்த்தையில இருந்து வந்து, மண்டையில சுழி இருக்கற உச்சி, அப்பறம் எதோட உச்சியும்னு விரிஞ்சுது. நேரா தலைக்கு மேல இருக்கறது எதுவோ அதுதான் மொதல்ல வெர்டிகல், நட்டமா நிக்கறதுங்கற அர்த்தம் அதுல இருந்து வந்தது. கோணத்துல சொல்ற வெர்டிகல் அந்த நட்டம் இல்லீங்க, ஒரே உச்சிய பங்கு போட்டுட்டு எதிரும் புதிருமா இருக்கற கோணம்னு அர்த்தம். வடிவக்கணக்கு எழுதுன யூக்ளிட் கி.மு. 300 வாக்குல கிரேக்க மொழியில எழுதுனப்பவும் உச்சிங்கற வார்த்தையத்தான் போட்டாரு, அவரோட எலிமெண்ட்ஸ் நூல்ல மொதல் புத்தகம் 15ஆவது தேற்றம், அங்கயும் அந்த வார்த்தைக்கு தலையோட உச்சி, மலையோட உச்சின்னுதான் பொருள்.

நம்மகிட்ட உச்சிங்கற வார்த்தை எவ்வளவு அழகா இருக்குது! உச்சந்தலை, உச்சி வகிடு, பொழுது உச்சிக்கு வந்துருச்சுங்கறோம், கணக்கு பாடத்துலயே முக்கோணத்துக்கு உச்சின்னு சொல்லித்தான் தர்றாங்க. அப்ப உச்சியெதிர்க் கோணம்னு சொன்னா புள்ளைங்களுக்கு பேருலயே விஷயம் புரிஞ்சிரும்ல? என்னோட கோரிக்கை இதுதான், அடுத்த தடவ புத்தகம் திருத்தறப்ப இந்தப் பேர மாத்தோணும்.

இதுனால குத்துங்கற வார்த்தை மட்டம்னு சொல்ல வரலீங்க. குத்துக்கல், குத்துவிளக்கு, குத்த வெச்சு உக்கார்றது, எல்லாம் நிமுந்து நிக்கறதச் சொல்ற அருமையான பேச்சு. ஊத்துக்குளி பக்கம் குமரிக்கல்பாளையத்துல பெருங்கற்காலத்து நெடுங்கல் ஒண்ணு இன்னைக்கும் நிக்குது, குத்துன்னா என்னன்னு புள்ளைங்களுக்கு அதக் காட்டுனாலே போதும். செங்குத்துல வர்ற செம்மையும் செவப்பு இல்ல, செங்கோல்ல இருக்கற அதே நேர்மை.

செங்குத்துலயும் ஒரு சிக்கல் இருக்குது. 90 டிகிரில வெட்டறதையும் செங்குத்துங்கறோம், நட்டமா நிக்கறதையும் செங்குத்துங்கறோம், சாஞ்ச கோட்டுக்கு செங்குத்து வரையச் சொன்னா பாதிப் பசங்க நேரா மேல கோடு போட்டுர்றாங்க. இத கொத்தனார்கிட்ட கேட்டா தெளிவா சொல்வாரு. செவுத்து மேல கட்டைய ஒட்டிப் புடிச்சு நூல்ல குண்ட எறக்கி விடுவாரு, கட்டை அகலமும் குண்டோட அகலமும் ஒண்ணு, அதனால குண்டு செவுத்த தொட்டும் தொடாமலும் நின்னா தூக்கு சரி, செவுரு நட்டமா நிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு செவுரு சேர்ற மூலை 90 டிகிரியான்னு பாக்க மூலைமட்டம்னு வேற கருவி வெச்சிருக்காரு. 90 டிகிரில வெட்டறதுக்கு இங்கிலீஷ்ல சொல்ற பெர்பென்டிகுலர்ங்கற வார்த்தையே லத்தீன்ல இந்தத் தொங்கற குண்டுநூலோட பேருதானுங்க, நம்ம ஆளு அதையே தூக்குன்னு மூணெழுத்துக்குள்ள சொல்லிட்டு வேலையப் பாக்கறாரு.

நட்பு வட்டத்துல கணக்கு வாத்தியாருங்க நெறையப் பேர் இருக்கீங்க. புத்தகம் மாற வரைக்கும் காத்திருக்காம, அந்தப் பாடம் வர்றப்ப போர்டுல பக்கத்துலயே உச்சியெதிர்க் கோணம்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிப் போடுங்க.