கூலண்ட் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

சிங்கப்பூரில் தண்ணீர் உறையாது, அதனால் படகின் இன்போர்டு எஞ்சினில் (படகுக்குள்ளேயே பொருத்திய எஞ்சின்), அதைக் குளிர்விக்க உள்ளேயே சுற்றிவரும் மூடிய உள்சுற்றில், கூலண்ட் (குளிர்விக்கும் திரவம்) வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும் என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். உறையாது என்பது உண்மைதான். ஆனால் கூலண்ட் உறைபனிக்கு மட்டும் ஊற்றுவதில்லை. அதிலுள்ள துருத்தடுப்பான்கள்தான் வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (உள்சுற்றின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் பாகம்) மூன்றையும் காக்கின்றன. வெறும் தண்ணீரில் துரு கிளம்பி, எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய குழாய்களில் சேறுபோலப் படியும்; பிறகு எஞ்சின் சூடேறி அலாரம் அடிக்கும்போது எல்லோரும் கடல்நீர்ப் பம்பின் இம்பெல்லரைத்தான் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரம்) கழற்றிப் பார்ப்பார்கள். தவிர, எத்திலீன் கிளைக்காலும் (கூலண்டின் முக்கியத் திரவம்) தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கலவை, மூடியின் அழுத்தம் இல்லாமலேயே சுமார் 107 டிகிரி வரை கொதிக்காது.

நீங்களே சோதிக்கலாம். இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் தலா ஓர் இரும்பு ஆணி: ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றொன்றில் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் சரிபாதி. சில நாளில் எது பழுப்பாகிறது என்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து உள்ளே இருப்பதன் நிறத்தையும் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி விலகலை அளக்கும் கருவி) கிளைக்கால் அளவை மட்டுமே காட்டும். துருத்தடுப்பான் மிச்சமிருக்கிறதா என்பதற்குச் சோதனைப் பட்டை வேண்டும். எந்த வகைக் கூலண்ட் என்பது உங்கள் எஞ்சின் கையேட்டிலேயே இருக்கும்.